மீசையா, கொம்பா, மூக்கா?



சுவரில் ஊர்ந்து செல்லும் எறும்புச் சாரியைச் சற்று நின்று கவனித்திருக்கிறீர்களா? எதிரெதிரே வரும் இரண்டு எறும்புகள் ஒரு கணம் நிற்கும். தலையிலுள்ள மெல்லிய இழைகளால் ஒன்றையொன்று தடவிப் பார்க்கும். பிறகு தத்தம் வழியே போய்விடும்.

அதே இழைகளைக் கரப்பான்பூச்சியிடம் கண்டால் ‘மீசை’ என்கிறோம். பாடப் புத்தகம் ‘உணர்கொம்பு’ என்கிறது. ஆங்கிலத்தில் அதற்கு ‘ஆண்டெனா’ என்று பெயர். வானொலி அலைகளை வாங்கும் கம்பிக்கும் அதே பெயர்தான்! பூச்சியின் உறுப்புக்கும் வானொலிக் கம்பிக்கும் ஒரே பெயர் எப்படி வந்தது? யார் யாரிடம் கடன் வாங்கினார்கள்?

கப்பலிலிருந்து வந்த பெயர்

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், விலங்குகளைப் பற்றி எழுதிய நூலில் பூச்சிகளின் இந்த உறுப்பை ‘கெராயா’ என்று குறிப்பிட்டார். ‘கொம்பு’ என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது அது. பாய்மரக் கப்பலில் பாயைத் தாங்கும் நீண்ட குறுக்குக்கழிக்கும் கிரேக்கர்கள் அதே சொல்லை வழங்கினார்கள்.

15ஆம் நூற்றாண்டில் தியோடோர் காஸா என்ற அறிஞர் அந்த நூலை லத்தீன் மொழியில் பெயர்த்தார். ‘கெராயா’ என்ற இடத்தில், கப்பல் கழியைக் குறிக்கும் லத்தீன் சொல்லாகிய ‘ஆண்டென்னா’வை எழுதினார். அன்று முதல் பூச்சியின் தலையில் கப்பலின் கழி ஏறிவிட்டது!

வானொலியின் கதை மிகவும் பிந்தியது. 1895இல் இத்தாலியில் மார்க்கோனி கம்பியில்லாத் தந்திச் சோதனைகளில் ஈடுபட்டிருந்தார். அவர் உயரமான கம்பத்தில் கம்பியைக் கட்டி உயர்த்தினார். இத்தாலிய மொழியில் அத்தகைய கம்பத்துக்கு ‘ஆண்டென்னா’ என்று பெயர். நாளடைவில் கம்பத்தின் பெயர் கம்பிக்கே நிலைத்துவிட்டது. ஆகவே பூச்சியும் வானொலியும் ஒன்றிடம் மற்றொன்று கடன் வாங்கவில்லை. இரண்டுமே கப்பலிடம் கடன் வாங்கியவை.

ஆங்கிலத்தில் இன்று இவற்றைப் பன்மையால் பிரித்தறியலாம். பூச்சியின் உறுப்புகளுக்கு லத்தீன் முறைப்படி ‘ஆண்டெனீ’ என்பார்கள். வானொலிக் கம்பிகளைப் பெரும்பாலும் ‘ஆண்டெனாஸ்’ என்பார்கள்.

யாருக்கு எத்தனை?

தலையிலிருந்து நீண்டிருப்பதெல்லாம் உணர்கொம்பு ஆகிவிடாது. உயிரியலில் இச்சொல் கணுக்காலிகளின் உறுப்பையே குறிக்கும். பூச்சிகளுக்கும் பூரானுக்கும் மரவட்டைக்கும் ஒரு ஜோடி உண்டு. இறாலுக்கும் நண்டுக்கும் இரண்டு ஜோடி. சிலந்திக்கும் தேளுக்கும் அறவே இல்லை. நத்தையின் தலையில் நீண்டு சுருங்கும் மெல்லுறுப்புக்கும் இப்பெயர் பொருந்தாது. அது உணர்நீட்சி எனப்படும். அதற்குக் கணுக்கள் கிடையாது. உணர்கொம்போ பல கணுக்களால் ஆனது.

தொடுவதற்கு மட்டுமா?

‘உணர்கொம்பு’ என்றதும், குருடர் கையிலுள்ள கோலைப் போலத் தடவிப் பார்ப்பதற்கான உறுப்பு என்று எண்ணிவிடுகிறோம். அந்த வேலையும் உண்டு. ஆனால் கதை அதோடு முடியவில்லை.

1855இல் கிறிஸ்டபர் ஜான்ஸ்டன் என்ற அமெரிக்க மருத்துவர் கொசுவின் உணர்கொம்பை ஆராய்ந்தார். அதன் இரண்டாவது கணு உருண்டு பருத்திருப்பதைக் கண்டு, அது கேட்கும் உறுப்பாக இருக்க வேண்டும் என்றார். அவர் கூறியது சரியே. ஆண் கொசுவின் அந்தச் சிறு கணுவுக்குள் சுமார் 15,000 உணர்வணுக்கள் நெருங்கி அமைந்துள்ளன. பெண் கொசுவின் இறகோசையை ஆண் கொசு கேட்பது இதனால்தான். கொசுவின் காது அதன் கொம்பில் இருக்கிறது!

மூக்கும் அங்கேதான் இருக்கிறது. பிரான்சில் வாழ்ந்த ஃபாபர் என்ற இயற்கை ஆய்வாளர், ஐரோப்பாவிலேயே மிகப் பெரிய அந்துப்பூச்சியின் பெண் ஒன்றைக் கம்பிவலைக் கூண்டில் வைத்திருந்தார். முதல் இரவிலேயே சுமார் நாற்பது ஆண் பூச்சிகள் இருளில் தேடி வந்தன! பெண்ணைக் காற்றுப் புகாத பெட்டியில் அடைத்தபோது ஒன்றுகூட வரவில்லை. ஏதோ ஒன்று காற்றில் கலந்து சென்று அவற்றை அழைத்திருக்கிறது. அது என்ன?

விடை கிடைக்க நெடுநாள் ஆயிற்று. ஜெர்மனியில் பூட்டெனான்ட் என்ற வேதியியல் அறிஞர், சுமார் 5 இலட்சம் பெண் பட்டுப்பூச்சிகளிலிருந்து சில மில்லிகிராம் பொருளைப் பிரித்தெடுத்து, அதன் அமைப்பை 1959இல் அறிவித்தார். அதற்குப் ‘பாம்பிகால்’ என்று பெயரிட்டார். இத்தகைய செய்திப் பொருள்களுக்குப் ‘பெரமோன்’ என்ற பொதுப்பெயரும் அதே ஆண்டில் பிறந்தது. எறும்புகள் ஒன்றையொன்று தடவுவதும் இதைப் போன்றதுதான். உடலின் மேலுள்ள மெழுகுப் பொருளைக் கொண்டு, எதிரே வருவது தன் புற்றைச் சேர்ந்ததா, அயலதா என்று அறிந்துகொள்கின்றன.

அதே காலத்தில் ஷ்னைடர் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி, பட்டுப்பூச்சியின் உணர்கொம்பின் இரு முனைகளையும் மின்கருவியோடு இணைத்தார். பெண் பூச்சியின் மணம் பட்டதும் கருவியில் மின்னழுத்தம் மாறியது. அலையை வாங்கும் வானொலிக் கம்பியைப் போலவே, மணத்தை வாங்கும் கொம்பு மின்குறியைத் தந்தது. பெயர் தற்செயலாக ஒன்றாயிற்று. ஆனால் தொழிலிலும் ஓர் ஒற்றுமை இருக்கிறது பாருங்கள்!

கொம்பில் ஒரு கடிகாரம்

வட அமெரிக்காவின் மொனார்க் வண்ணத்துப்பூச்சிகள் இலையுதிர் காலத்தில் மெக்சிகோவை நோக்கிப் பறக்கின்றன. அவற்றுக்கு வழிகாட்டி சூரியன். சூரியனோ பகல் முழுவதும் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. எனவே நேரமும் தெரிந்தால்தான் திசை தெரியும். அந்தக் கடிகாரம் எங்கே இருக்கிறது? 2009இல் அமெரிக்க விஞ்ஞானிகள் சில பூச்சிகளின் உணர்கொம்புகளை நீக்கினார்கள். அவை திசை தவறின. வேறு சிலவற்றின் கொம்புகளில் வெளிச்சம் புகாதபடி கறுப்பு வண்ணம் பூசினார்கள். அவையும் தவறான திசையில் பறந்தன. ஒளி புகும் வண்ணம் பூசப்பட்டவையோ சரியாகவே பறந்தன. கடிகாரம் கொம்பில் இருந்தது!

இவற்றில் எதையாவது ‘உணர்கொம்பு’ என்ற பெயரே நமக்குச் சொல்லிற்றா? ‘ஆண்டெனா’ சொல்லிற்றா? பெயர் ஓர் அடையாளச் சீட்டு மட்டுமே. பொருளை அறிய வேண்டுமானால், ஜான்ஸ்டனைப் போலவும் ஃபாபரைப் போலவும் அந்த உயிரையே உற்றுப் பார்க்க வேண்டும்.

விளையாட்டாகப் பூச்சியின் ‘மீசையை’ப் பிய்க்கும் சிறுவர்களைப் பார்த்திருப்பீர்கள். நீங்களே கூட அப்படிச் செய்திருக்கலாம். முழு வளர்ச்சியடைந்த பூச்சிக்கு அது மீண்டும் முளைப்பதில்லை. மூக்கும் காதும் சில பூச்சிகளுக்குக் கடிகாரமும் அதோடு போய்விடும்.

இன்று மாலை ஓர் எறும்பைக் கவனியுங்கள். நடுநடுவே நின்று, முன்னங்காலை வளைத்து, அதிலுள்ள சீப்பு போன்ற பகுதியால் உணர்கொம்பை இழுத்து இழுத்துத் துடைக்கும். அது மீசையை முறுக்கவில்லை. தன் மூக்கைத் தூய்மை செய்துகொள்கிறது!