காலப்பயண நகைச்சுவையில் கொச்சையும் ஏக்கமும்: ‘மார்க் ஆண்டனி’ திரைப்படத்தை முன்வைத்து

ஆதிக் ரவிச்சந்திரனின் முதற்படமான ‘த்ரிஷா இல்லனா நயன்தாரா’ (2015) வயது வந்தோர்க்கான ‘ஏ’ சான்றிதழுடன் வெளிவந்தது. அதன் பாலியல் கேலி கடும் விமர்சனத்திற்கு உள்ளானது. அவரே இயக்கி, 2023 செப்டம்பர் 15 அன்று வெளியான ‘மார்க் ஆண்டனி’யிலும் கொச்சைப் பேச்சு குறையவில்லை, எனினும் அப்படம் பெரும் வணிக வெற்றி பெற்றது. இவ்வேறுபாட்டிற்குக் காலப்பயணம் என்னும் உத்தியே முதன்மைக் காரணம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

‘இன்று நேற்று நாளை’யில் (2015) இயந்திரத்தின்வழி மனிதர்களே காலம் கடக்கின்றனர். ‘மார்க் ஆண்டனி’யிலோ தொலைபேசி வழியே குரல் மட்டும் கடந்த காலத்தை அடைகிறது. ஆகவே நகைச்சுவை முழுவதும் பேச்சில் தங்குகிறது. எஸ்.ஜே. சூர்யா தந்தையாகவும் மகனாகவும் இருவேடம் ஏற்கிறார். தந்தைமுன் அடங்கிப் பேசும் குடும்ப மரபு, இருவரும் ஏறத்தாழ ஒரே வயதினராக உரையாடும்போது குலைகிறது; அக்குலைவே சிரிப்பாகிறது. தொல்காப்பியர் கூறும் நகையின் நான்கு களன்களுள் இரண்டு இங்குப் பொருந்துகின்றன: வரப்போவதை அறியாத முற்காலத்தவரிடம் பேதைமையும், அறிந்தவரிடம் எள்ளலும் அமைகின்றன.

இரண்டாவது ஈர்ப்பு, பழமை மீதான ஏக்கம். இராயப்பேட்டையின் சத்யம் திரையரங்கம் 1974-இல் திறக்கப்பட்டது. இன்று அது பல்திரை வளாகம். அத்தகைய அரங்கில் அமரும் இளையோர், தாம் வாழாத எழுபதுகளின் உடையையும் பேச்சையும் கண்டு மகிழ்கின்றனர். ‘அக்காலம் அப்படித்தான்’ என்னும் எண்ணம் கொச்சைக்கு விலக்களிக்கிறது.

இவ்விலக்கின் விலையைச் சில்க் ஸ்மிதாவின் சாயல்கொண்ட பாத்திரம் காட்டுகிறது. விஷ்ணுபிரியா காந்தி ஏற்ற அப்பாத்திரம் எழுபதுகளின் சூழலில் தோன்றுகிறது. ஆனால், 1960 டிசம்பரில் பிறந்த ஸ்மிதாவுக்கு 1975-இல் வயது பதினான்கே. அவரைப் புகழ்பெறச் செய்த ‘வண்டிச்சக்கரம்’ 1980-இல்தான் வந்தது. எண்பதுகளின் கவர்ச்சியுருவம் முன்னைய பத்தாண்டிற்கு இழுத்துச் செல்லப்படுகிறது. ஆடவர் தொலைபேசியில் தம் வாழ்வைத் திருத்திக்கொள்கின்றனர். 1996-இல் மறைந்த அந்நடிகையோ பார்வைப் பொருளாக மட்டுமே மீட்கப்படுகிறார்.

எனவே, இப்படத்தின் ஈர்ப்பு அறிவியல் கற்பனையில் இல்லை; காலத் தொலைவு தரும் பேச்சுரிமையில் உள்ளது. அவ்வுரிமை யாருக்கு வாய்க்கிறது, யாருக்கு மறுக்கப்படுகிறது என்பதையும் சேர்த்து நோக்கினாலன்றி அச்சிரிப்பின் இயல்பு முழுமையாக விளங்காது.