செம்பால் வெட்டிய கண்ணாடி

செம்பைக் கொண்டு கண்ணாடியை வெட்ட முடியுமா என்று கேட்டால், முடியாது என்றுதான் பள்ளிப் பாடம் சொல்லும். கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவுகோலில் செம்புக்கு 3, கண்ணாடிக்கு ஏறக்குறைய 5.5. செப்புக் கம்பியால் கண்ணாடியில் ஒரு கீறல்கூடப் போட முடியாது. ஆனாலும் நானூறு ஆண்டுகளாக மத்திய ஐரோப்பாவில் கண்ணாடிக் கோப்பைகளில் முகங்களையும் மான்களையும் காடுகளையும் செதுக்கி வருவது சுழலும் செப்புச் சக்கரங்கள்தாம். வெட்டும் வேலையைச் செய்வது அந்தச் சக்கரத்தின் விளிம்பில் எண்ணெயோடு குழைத்துத் தடவிய குருந்தப் பொடி. அதன் கடினம் 9. ஆங்கிலத்தில் ‘கொரண்டம்’ என்று சொல்வது நம் ‘குருந்தம்’ கடல் கடந்து போன வடிவம். செம்பு மென்மையான உலோகம் என்பதே இங்கே வசதியாகிறது. துகள்கள் அதன் விளிம்பில் பதிந்து, பல் முளைத்ததுபோல் நிற்கின்றன. கண்ணாடி அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. ஒவ்வொரு துகளும் அழுத்திவிட்டு நகரும்போது கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஓடி, ஒரு நுண்சில்லு பெயர்ந்து விழுகிறது. செதுக்கிய இடம் பனி படிந்ததுபோல் வெளுத்துத் தெரிவதும் இதனால்தான். அந்தக் கரடுமுரடான பரப்பில் ஒளி சிதறிப் போகிறது.

கண்ணாடியில் கைவேலை என்று பொதுவாகச் சொல்வதற்குள் இரண்டு தொழில்கள் இருக்கின்றன. ஒன்று பட்டை வெட்டுவது. கோப்பையைப் பெரிய சக்கரத்தின் மேல் வைத்து அழுத்துவார்கள். பழைய முறையில் முதலில் மணலும் நீரும் விழும் இரும்புச் சக்கரம், பிறகு மணற்கல் சக்கரம், கடைசியில் மெருகுக்கு மரச் சக்கரமும் தக்கைச் சக்கரமும். வெட்டுபவர் கண்ணாடியின் ஊடாகவே பார்க்கிறார். பள்ளம் இறங்குவது அவர் கண்ணுக்குத் தெரியும். சாதாரணக் கண்ணாடிக்குள் வரும் ஒளி, பரப்பின் செங்குத்துக் கோட்டிலிருந்து சுமார் 42 பாகைக்கு மேல் சாய்ந்து விழுந்தால் வெளியேறாமல் உள்ளேயே திரும்பிவிடும். பட்டையின் சாய்வை அதற்கேற்ப அமைத்தால் கோப்பை வைரம்போல் மின்னும். இரண்டாவது தொழில் செதுக்குவது. அங்கே எல்லாம் தலைகீழ். குண்டூசித் தலையளவு முதல் உள்ளங்கையளவு வரை பல செப்புச் சக்கரங்களை மாற்றி மாற்றிக் கதிரில் பொருத்துவார்கள். கோப்பையைச் சக்கரத்தின் அடியில் கொண்டுபோய்த் தொடவைக்க வேண்டும். வெட்டுப்படும் புள்ளியைச் சக்கரமும் கரிய எண்ணெய்க் குழம்பும் மறைத்துவிடுகின்றன. அவ்வப்போது துடைத்துப் பார்க்கலாம். வெட்டும் அந்தக் கணத்தில் விரலில் தெரியும் அதிர்வும் காதில் விழும் ஓசையும்தான் வழிகாட்டி. போதாக்குறைக்கு, ஆழமாக வெட்டிய பகுதி மறுபக்கத்திலிருந்து பார்க்கும்போது மேடாகத் தெரியும். மூக்கு எடுப்பாகத் தெரிய வேண்டுமானால் அங்கேதான் அதிகம் குழிக்க வேண்டும்.

இந்தத் தொழில் ஏன் தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்களில் தங்கியது? தொழில் ரகசியம் என்பதே வழக்கமான விடை. அது எனக்கு நிறைவளிக்கவில்லை. கண்ணாடியை உருக்கும் கலவையில் ரகசியம் இருந்தது உண்மை. ஆனால் சக்கரமும் உராய்பொடியும் எண்ணெயும் மணிக்கல்லுக்குப் பட்டை தீட்டும் எல்லாருக்கும் தெரிந்தவை. என் கணிப்பில், காரணம் தவறின் விலை. மண்பாண்டம் சுடுவதற்கு முன் சரிந்தால் மறுபடி பிசையலாம். தங்கம் பிசகினால் உருக்கலாம். கண்ணாடியில் ஒரு கோடு விலகினால் விலகியதுதான். அதுவும் செதுக்குமேடைக்கு வரும் கோப்பை வெறும் மூலப்பொருள் இல்லை. ஊதி, மெல்ல ஆறவைத்து, பட்டை வெட்டி, பல கைகளின் உழைப்பைச் சுமந்துகொண்டு வருவது. கை பழகும்வரை, ஆண்டுக்கணக்கில், ஒருவர் பாழாக்கும் கோப்பைகளின் செலவை யாராவது ஏற்க வேண்டும். பிள்ளை நாளைக்குத் தன்னிடமே இருப்பான், தன் பட்டறையை நடத்துவான் என்று நம்பும் இடத்தில்தான் அந்தச் செலவு செலவாகத் தெரியாது.

இந்தக் கலையின் தொடக்கக் கதையே இதற்குச் சான்று. ப்ராக் நகரில் பேரரசர் இரண்டாம் ருடால்ஃபின் அரண்மனையில் மணிக்கல் வெட்டுபவராக இருந்த காஸ்பர் லேமான், கல்லுக்கு உரிய நுட்பத்தைக் கண்ணாடிக்குக் கொண்டுவந்தார். 1609-ல் கண்ணாடி செதுக்கும் தனியுரிமையைப் பேரரசர் அவருக்கு வழங்கினார். 1622-ல் லேமான் இறந்தபோது அந்த உரிமை அவருடைய மாணவர் கேயோர்க் ஷ்வான்ஹார்டுக்குப் போனது. ரத்த உறவு இல்லை. ஆனால் குருவின் பக்கத்திலேயே இருந்து பழகியவர். ஷ்வான்ஹார்ட் தன் ஊரான நியூரம்பெர்க்குக்குத் திரும்பினார். அவருடைய மகன்கள் மட்டுமல்லாமல் மகள்களும் செதுக்கக் கற்றார்கள். அமிலத்தால் கண்ணாடியை அரிக்கும் முறையைக் கண்டவர் என்று ஹைன்ரிஹ் என்ற மகனைச் சொல்வதுண்டு. ஆகவே நான் குடும்பம் என்று சொல்வது ஒரே மேடையருகே நீண்ட காலம் சேர்ந்திருப்பதை. பிறப்பு அதற்கு எளிதான வழி, அவ்வளவே.

ஜப்பானின் கதை இன்னும் தெளிவாகப் பேசுகிறது. எடோ நகரில் 1834-ல் ககாயா க்யூபெய் என்ற கண்ணாடி வணிகர் உராய்பொடியால் கண்ணாடியில் வடிவங்கள் செதுக்கத் தொடங்கினார் என்பது அங்கே ஏற்கப்பட்ட வரலாறு. தெற்கே சட்சுமாவில் ஷிமாசு நாரியாகிரா என்ற சிற்றரசர் தன் தொழிற்கூடத்தில் அதே கலையை அரச செலவில் வளர்த்தார். தெளிந்த கண்ணாடியின் மேல் தடித்த வண்ண அடுக்கு போர்த்தி, அதைச் சரிவாக வெட்டி, நிறம் அடர்த்தியிலிருந்து தெளிவுக்கு மெல்லக் கரைவதுபோல் செய்தார்கள். அழகில் அது எடோவை விஞ்சியது என்பேன். ஆனால் 1858-ல் அரசர் மறைந்தார், தொழில் சுருங்கியது. 1863-ல் பிரிட்டிஷ் கப்பல்களின் குண்டுவீச்சில் தொழிற்கூடம் எரிந்தது. சில ஆண்டுகளில் கலையே நின்றுபோனது. எடோ, டோக்கியோவாக மாறி, நிலநடுக்கமும் போரும் பார்த்த நகரம். அங்கே சின்னச் சின்னப் பட்டறைகளில், தந்தையும் மகனும் அல்லது ஆசானும் மாணவனுமாக, தொழில் இன்றுவரை தொடர்கிறது. 2002-ல் அரசு அதைப் பாரம்பரியக் கைவினையாக அறிவித்தது. ஒரே அரசனின் தயவில் நின்றது அவனோடு போயிற்று. பல வீடுகள் பகிர்ந்து சுமந்தது நிலைத்தது.

பள்ளிக்கூடம் போதாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இன்றைய செக் நாட்டிலுள்ள போஹேமியாவின் கமெனிட்ஸ்கி ஷெனோவ் ஊரில் 1856-லேயே கண்ணாடித் தொழிற்பள்ளி தொடங்கிவிட்டது; அங்கிருந்து சிறந்த கலைஞர்கள் வந்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மன் பேசிய மக்கள் செக் எல்லைப் பகுதிகளிலிருந்து வெளியேற்றப்பட்டபோது, அவர்களில் கண்ணாடித் தொழிலாளர்களும் இருந்தார்கள். 1948-ல் ஜெர்மனியின் ரைன்பாக் ஊரில் அவர்கள் மரபைத் தொடர ஒரு கண்ணாடிப் பள்ளி எழுந்தது. பட்டறையை விட்டுவிட்டு வந்தவர்களின் கை பட்டறையை விட்டுவரவில்லை. பள்ளி என்பது மாணவரின் தவறுகளுக்கு ஊரும் அரசும் விலை கொடுக்கும் ஏற்பாடு. அதனால் பள்ளிகள் என் வாதத்தை மறுக்கவில்லை. அவை வேரூன்றிய இடங்களும் பட்டறைகள் நெருங்கியிருந்த ஊர்கள் அல்லது அப்பட்டறைகளின் மக்கள் குடியேறிய ஊர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். குடும்ப அமைப்பைப் புகழ்ந்து பாடவும் நான் வரவில்லை. வெளியாருக்குக் கதவு மூடியே இருந்தது. மெருகேற்றும் பொடியில் ஈயம் கலந்த காலத்தில் அந்த நஞ்சும், உலர்ந்த மணல்தூசு நுரையீரலில் படியும் நோயும் தொழிலோடு சேர்ந்தே கைமாறின.

இன்னொரு மறுப்பு இயந்திரத்தைப் பற்றியது. மணல்வீச்சும் லேசரும் சில நிமிடங்களில் எந்தப் படத்தையும் கண்ணாடியில் பதித்துவிடுகின்றன. பரிசுக் கேடயத்துக்கு அது போதும்; அதில் குறை காண மாட்டேன். ஆனால் அவை பெரும்பாலும் பரப்பை வெளுக்கச் செய்வதோடு நிற்கின்றன. செப்புச் சக்கரம் ஒரே கன்னத்தில் பத்து ஆழங்களைத் தரும். சில இடங்களை மெருகிட்டுத் தெளிவாக்கி, சிலவற்றை மங்கலாகவே விட்டு, ஒளியையே நிழலாக்கும். அந்த முடிவுகளை ஒவ்வொரு கணமும் கை எடுக்கிறது.

சட்சுமா வேலையும் மீண்டும் வந்துவிட்டதே, அறுந்ததை ஒட்டலாமே என்ற வாதம்தான் வலுவானது. 1985-ல், முன்பு சட்சுமா எனப்பட்ட ககோஷிமாவில் அது மறுபடி தொடங்கியது உண்மை. ஆனால் நின்றுபோனதற்கும் தொடங்கியதற்கும் நடுவே நூறாண்டுக்கு மேல் ஓடிவிட்டது. அந்த நூறாண்டிலும் ஜப்பானில் கண்ணாடி வெட்டும் கை வேறு பட்டறைகளில் உயிரோடு இருந்ததால்தான் புதிய முயற்சிக்கு அடித்தளம் கிடைத்தது. எஞ்சியிருந்த பழைய பொருள்களை ஆராய்ந்து, வண்ண அடுக்கு எவ்வளவு தடிப்பு, சக்கரம் எவ்வளவு சரிவு என்று ஒவ்வொன்றாக மீட்க வேண்டியிருந்தது. ஒரு காலத்தில் அந்தத் தொழிற்கூடத்தில் நின்ற மூத்தவர், பையனின் முழங்கையைத் தொட்டுச் சற்றே தாழ்த்திக் காட்டியிருக்கக்கூடிய சரிவு அது.