வெள்ளாறு முதல் பிச்சாவரம் வரை... ஏரியையும் கடலோரத்தையும் காக்க வரும் பணம் மானியமா, கடனா? யார் கட்டுவது?

ஏரிக்கரையில் 'உலக வங்கி நிதியுதவியுடன்' என்று ஒரு போர்டு. அதைப் பார்த்ததும் ஊர்க்காரர்களுக்கு வரும் முதல் சந்தேகம் இதுதான்: "இது சும்மா வந்த பணமா, இல்ல நம்ம தலையில விழப்போற கடனா?"

கடலூர் மாவட்டம் பெண்ணாடம் பக்கம் ஓடும் வெள்ளாற்றை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம். ஆறு ஒன்றுதான். ஆனால் அதைக் காக்க வரும் பணம் பல வழிகளில் வருகிறது.

வெள்ளாறு எங்கே போகிறது?

சேலம் மாவட்ட மலைப்பகுதியில் இருந்து வரும் வசிஷ்ட நதியும் சுவேத நதியும் சேர்ந்ததுதான் வெள்ளாறு. தொழுதூரில் தடுத்துத் திருப்பப்படும் தண்ணீர் வெலிங்டன் ஏரியை நிரப்புகிறது. பெண்ணாடம் அருகே பெலாந்துறை அணைக்கட்டு, அதற்குக் கீழே சேத்தியாத்தோப்பு அணைக்கட்டு. கடைசியில் பரங்கிப்பேட்டையில் கடல். வெள்ளாறு, கொள்ளிடம் முகத்துவாரங்களுக்கு நடுவில்தான் பிச்சாவரம் அலையாத்திக் காடு இருக்கிறது.

மேலே மண் அரித்தால் ஏரியும் அணைக்கட்டும் மேடாகிவிடும். நடுவில் தண்ணீர் நிற்காவிட்டால் கிணறு வற்றும். ஆற்றில் நன்னீர் வரத்து குறைந்தால் கடல் தண்ணீர் உள்ளே ஏறும். ஒரு இடத்தில் விட்டது இன்னொரு இடத்தில் அடிக்கும்.

திருப்பிக் கட்ட வேண்டாத பணம் எது?

மத்திய அரசின் பிரதமர் கிருஷி சிஞ்சாயி திட்டத்தில் நீர்வடிப்பகுதி மேம்பாடு ஒரு பிரிவு. ஒரு மழைத்துளி விழுந்து ஓடைக்கு வந்து சேரும் மொத்த நிலப்பரப்பைத்தான் நீர்வடிப்பகுதி என்கிறார்கள். வரப்பு போடுவது, தடுப்பணை, பண்ணைக்குட்டை, மரம் நடுவது எல்லாம் இதில் வரும்.

2021-22 முதல் 2025-26 வரையிலான இரண்டாம் கட்டத்துக்கு, சமவெளியில் ஹெக்டேருக்கு ரூ.22,000, மலை மற்றும் கடினமான பகுதிகளில் ரூ.28,000 என்று நிர்ணயிக்கப்பட்டது. முன்பு சமவெளிக்கு இது ரூ.12,000 ஆக இருந்தது. மத்திய அரசு 60%, மாநில அரசு 40%.

அதாவது, சமவெளியில் 5,000 ஹெக்டேர் திட்டம் என்றால் ரூ.11 கோடி. அதில் மத்திய அரசின் பங்கு ரூ.6.6 கோடி, மாநிலத்தின் பங்கு ரூ.4.4 கோடி. இது முழுக்க மானியம். தனியார் நிலத்தில் வேலை நடந்தால் மட்டும் நிலத்துக்காரர் ஒரு சிறு பங்கு தர வேண்டும். அந்தப் பணம் பிற்காலப் பராமரிப்புக்கு.

நபார்டு பணம்?

நபார்டின் ஊரக உள்கட்டமைப்பு மேம்பாட்டு நிதி 1995-96ல் தொடங்கியது. விவசாயத்துக்குக் கொடுக்க வேண்டிய அளவு கடன் கொடுக்காத வங்கிகள், அந்தப் பாக்கியை இதில் போட வேண்டும். அந்தப் பணம் மாநில அரசுகளுக்குக் கடனாகப் போகிறது. பாசனம், தடுப்பணை போன்ற வேலைகளுக்குத் திட்டச் செலவில் 95% வரை கிடைக்கும். முதல் 2 ஆண்டு அவகாசம் உட்பட 7 ஆண்டுகளில் மாநில அரசு திருப்பிக் கட்ட வேண்டும்.

உலக வங்கி பணம்?

இதுவும் கடன்தான். தமிழ்நாட்டின் பாசன வேளாண்மை நவீனமயமாக்கல் திட்டத்துக்கு 2017 டிசம்பரில் 31.8 கோடி டாலர் கடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. 4,800 ஏரிகளையும் 477 தடுப்பணைகளையும் சீரமைப்பது இலக்கு.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். வெளிநாட்டுக் கடன் எந்த நிபந்தனையில் வந்ததோ, அதே நிபந்தனையில்தான் மாநிலத்துக்குப் போகிறது. டாலர் விலை ஏறினால் அந்தச் சுமையும் மாநிலத்துக்குத்தான். விவசாயி வீட்டுக்கு நோட்டீஸ் வராது. ஆனால் கட்டப்படுவது எல்லோருடைய வரிப்பணம்.

கடலோரத்துக்கு என்ன?

அலையாத்திக் காடுகளுக்காக மத்திய அரசு 2023 ஜூன் 5ஆம் தேதி 'மிஷ்டி' திட்டத்தைத் தொடங்கியது. 9 மாநிலங்கள், 4 யூனியன் பிரதேசங்களில் சுமார் 540 சதுர கி.மீ. இலக்கு. தமிழ்நாடு அரசு உலக வங்கி உதவியுடன் ரூ.1,675 கோடியில் 'நெய்தல் மீட்சி இயக்கம்' அறிவித்தது. பிச்சாவரம் 2022லேயே ராம்சார் பட்டியலில் சேர்ந்துவிட்டது.

தனி விவசாயிக்கு?

சொட்டுநீர்ப் பாசனத்துக்குத் தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100%, மற்றவர்களுக்கு 75% மானியம் உண்டு. வேளாண்மை, தோட்டக்கலைத் துறை அலுவலகங்களில் விண்ணப்பிக்கலாம்.

அப்போ சிக்கல் எங்கே?

மேலே மண்ணைப் பிடிப்பது ஒரு துறை, ஏரியும் அணைக்கட்டும் நீர்வளத்துறை, அலையாத்திக் காடு வனத்துறை. மேலே வரப்பு போடாமல் கீழே கடன் வாங்கி ஏரியைத் தூர்வாரினால், சில மழைக்காலத்தில் ஏரி மறுபடி மேடாகிவிடும். ஏரி மேடான பிறகும் கடன் தவணை ஓடிக்கொண்டிருக்கும். மானியத்தில் கட்டிய தடுப்பணைக்கும் இதே கதிதான். திட்டக் காலம் முடிந்தபின் பார்க்க ஆள் இல்லையென்றால் அது வெறும் கல் சுவர்.

மக்கள் என்ன கேட்கலாம்?

பெண்ணாடம் பேரூராட்சி என்பதால் அங்கே கிராம சபை கிடையாது. சுற்றியுள்ள ஊராட்சிகளில் உண்டு. உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22ம் தமிழ்நாட்டில் கிராம சபை நாள்தான். அங்கே கேட்க வேண்டியது மூன்று கேள்விகள்:

• இந்த வேலைக்கு வந்த பணம் மானியமா, கடனா?
• நம்ம ஏரிக்குத் தண்ணீர் வரும் மேல்பகுதியில் மண் அரிப்பைத் தடுக்கும் வேலை நடந்ததா?
• திட்டம் முடிந்தபின் பராமரிப்பு யார் பொறுப்பு, அதற்கான பணம் எந்தக் கணக்கில் இருக்கிறது?

பதிலைத் தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுத்தில் இருந்தால்தான் அடுத்த கூட்டத்தில் மறுபடி கேட்க முடியும்.