ஆண் புழுவின் வாற்புறம்

மனிதனுடைய குடலிலும் கால்நடைகளின் இரைப்பையிலும் வாசம் செய்யும் உருளைப்புழுக்களை முதன்முதலாகப் பார்க்கிறவருக்கு, ஒன்றை மற்றொன்றிலிருந்து எவ்வாறு பிரித்தறிவது என்ற மலைப்பே மிஞ்சும். காலும் சிறகும் இல்லை. ரோமமும் வர்ணமும் இல்லை. இரு முனையும் ஒடுங்கிய நீண்ட உடல் ஒன்றே உண்டு. நோயாளியின் மலத்தில் கிடைக்கும் கொக்கிப்புழு முட்டையின் தோற்றத்தைக் கொண்டு அது இன்ன ஜாதி என்று சொல்வது தேர்ந்த நிபுணருக்கும் இயலாத காரியம். ஆகவே, முதிர்ந்த புழு கைக்கு அகப்படுமானால், புழுவியல் அறிஞர்கள் அதன் வாயைப் பார்ப்பதோடு நில்லாமல், ஆண் புழுவின் வாற்புறத்தைத் தேடிச் செல்கிறார்கள். சந்ததி விருத்திக்கென்று அமைந்த அவயவங்களிலேதான் ஜாதிக்கு ஜாதி வேற்றுமை மிகுந்தும், ஒரே ஜாதிக்குள் பெரும்பாலும் மாறாமலும் காணப்படுகிறது.

பெண் கொக்கிப்புழுவின் வால் கூர்மையாக முடிந்துவிடும். ஆணின் வாலோ மெல்லிய சவ்வாக அகன்று விரிந்து, குடைத்துணியைக் கம்பிகள் தாங்குவதுபோலச் சதைப்பற்றுள்ள கதிர்களால் தாங்கப்படுகிறது. இதைக் கலவிப்பை என்பர். ஒவ்வொரு பக்கத்திலும் வயிற்றுப்புறக் கதிர்கள் இரண்டு, பக்கக் கதிர்கள் மூன்று, முதுகின் வெளிக் கதிர் ஒன்று, நடுவில் கிளைத்துப் பிரியும் முதுகுக் கதிர் ஒன்று என்ற இந்த அமைப்பு, கொக்கிப்புழுக்களும் அவற்றின் உறவினங்களும் சேர்ந்த பெரிய வரிசை முழுவதற்கும் பொதுவானது. ஆயினும் கதிர் எவ்விடத்தில் பிரிகிறது, எவ்வளவு நீள்கிறது, அடுத்த கதிரோடு ஒட்டிச் செல்கிறதா விலகிச் செல்கிறதா என்பவை ஜாதிதோறும் மாறுகின்றன. கதிர்களுக்குள் தசையும் நரம்பும் ஓடுவதால், ஆண் இந்தப் பையினால் பெண்ணின் பிறப்புத் துவாரத்தைத் தடவி உணர்ந்து இறுகப் பற்றிக்கொள்ள முடிகிறது.

பைக்குள்ளிருந்து நீளும் கலவிமுட்கள் இரண்டும் கெட்டிப்பட்டுப் பழுப்பு நிறமடைந்தவை. உருளைப்புழுவின் உடலுக்குள் திரவத்தின் அழுத்தம் எப்பொழுதும் மிகுந்திருப்பதால் பெண்ணின் வழி தானே திறந்து நிற்பதில்லை; அதை விலக்கிப் பிடிப்பதே இம்முட்களின் பிரதான வேலை. வாலில்லாமல் ஊர்ந்து செல்லும் விந்தணுக்கள் அவ்வழியே உட்புகுகின்றன. இறந்த பின்னும் சிதையாமல் நெடுநாள் நிற்கும் கடினப் பொருளால் ஆனவையாதலால், முட்களின் நீளத்தையும் நுனியின் வடிவத்தையும் அளந்து ஒப்பிடுவது சுலபம். சவ்வு அப்படியன்று. சுருங்கிக் கிடக்கும் பையைக் கதிர்கள் தெரியுமாறு விரித்து, திரவத்தில் ஊறவைத்துத் தெளிவாக்கி, நுண்நோக்கியின்கீழ் வைப்பதற்குக் கைப்பழக்கமும் நிரம்பிய பொறுமையும் வேண்டும்.

மிலான் நகரத்து வைத்தியர் ஆஞ்செலோ துபீனி 1838-இல் கண்டு 1843-இல் விவரித்த அன்கைலோஸ்டோமா டியோடினேல் என்னும் கொக்கிப்புழுவில் இரு முட்களும் தனித்தனியே நிற்கின்றன. அமெரிக்க அறிஞர் சார்ல்ஸ் ஸ்டைல்ஸ் 1902-இல் வெளியிட்ட நெகேட்டர் அமெரிக்கானஸ் என்னும் மற்றொரு கொக்கிப்புழுவில் அவை நுனியில் ஒன்றுசேர்ந்து ஒரு முள்வளைவாக முடிகின்றன. சாட்டைப்புழுவுக்கு முள் ஒன்றே, அதுவும் சிறுமுட்கள் பதித்த உறைக்குள். டிரிக்கினெல்லா என்னும் உருளைப்புழுவுக்கு அதுவும் இல்லை. ஆட்டின் இரத்தத்தை உறிஞ்சும் ஹிமாங்கஸ் புழுவில் பையின் முதுகு மடல் நடுவில் அமையாமல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும்.

இந்த நுட்பங்கள் அறைக்குள் அடைபட்ட பண்டிதர்களின் விளையாட்டென்று எண்ணுகிறவர்களுக்கு இலங்கைக் கொக்கிப்புழுவின் வரலாற்றைச் சொல்ல விரும்புகிறேன். 1910-இல் பிரேசில் தேசத்துப் பூனை நாய்களிலிருந்து ஒரு புழுவைக் கோமிஸ் டி ஃபாரியா விவரித்து, அதற்கு அன்கைலோஸ்டோமா பிரேசிலியன்ஸ் எனப் பெயரிட்டார். மறு வருஷமே, கெய்ரோவில் பணியாற்றிய ஆர்தர் லூஸ், இலங்கைப் புனுகுப்பூனையிலிருந்து கிடைத்த புழுவுக்கு அன்கைலோஸ்டோமா சிலானிகம் எனப் பெயரிட்டார். இரண்டும் ஒன்றையொன்று பெரிதும் ஒத்திருந்தமையால், இவை ஒரே ஜாதியே என்று பிறர் தீர்மானித்துவிட, இலங்கைப் பெயர் ஏறக்குறைய மறைந்தே போயிற்று. 1951-இல் இத்தாலிய அறிஞர் எத்தோரே பியோக்கா இரண்டையும் மீண்டும் பக்கத்தில் வைத்து நோக்கி, வாயின் உட்பற்களின் அளவிலும், அதைவிடத் தெளிவாக ஆணின் கலவிப்பை மடல்களின் உருவிலும் பக்கக் கதிர்கள் பிரிந்து விரியும் விதத்திலும் வேற்றுமை இருப்பதை நிறுவினார்.

இந்த வேற்றுமை நோயாளிக்கும் முக்கியமானது. பிரேசில் புழுவின் இளம் புழு மனிதத் தோலுக்குள் புகுந்தால், தோலுக்கடியில் அலைந்து அரிப்புள்ள சிவந்த கோடுகளை இழுக்குமேயன்றிக் குடலில் வளர்ந்து முதிர்வதில்லை. இலங்கைப் புழுவோ மனிதக் குடலிலேயே முதிர்ந்து, இரத்தம் குடித்து, முட்டையிடும் ஆற்றலுடையது. இரண்டையும் ஒரே பெயரில் வழங்கிய காலத்தில், நாயின் புழு மனிதனுக்கு எவ்வளவு தூரம் கேடு செய்யும் என்ற கேள்விக்கு ஒன்றுக்கொன்று முரணான விடைகள் கிடைத்ததில் வியப்பில்லை.

முட்டையிலிருந்தே மரபுப்பொருளைப் பிரித்து ஜாதியைச் சொல்லும் முறை இப்பொழுது வந்துவிட்டது. பியோக்கா கண்ட பிரிவினையை அது உறுதிப்படுத்தியதோடு, தென்கிழக்கு ஆசியாவில் பல இடங்களில் கிராமத்து மக்களின் குடலில் இலங்கைப் புழு எதிர்பார்த்ததைவிட மிகுதியாக வாழ்வதையும் காட்டியிருக்கிறது. அத்தகைய ஊர்களில் மனிதருக்கு மட்டும் பூச்சிமருந்து கொடுத்து நிறுத்திவிட்டால், தெருவில் திரியும் நாய்களின் எச்சத்தால் மாசுபட்ட மண்ணிலிருந்து அதே புழு மறுபடியும் காலில் ஏறும்; நாய்களுக்கும் சேர்த்தே சிகிச்சை செய்ய வேண்டியிருக்கிறது.