மனத்தை ஒப்படைக்குமுன் வினவுங்கள்

கை கால் முறிந்தால் ஊரறிய மருத்துவமனைக்கு ஓடுகிறோம். உள்ளம் நொந்தாலோ, அண்டை வீட்டார் அறியலாகாதே என்று கதவைச் சாத்திக்கொள்ளுகிறோம். உற்றார் உறவினர் ஊரில் இருக்க, பிழைப்பின் பொருட்டுப் பெங்களூரில் குடியேறிய நம் குடும்பங்களில் இந்த மறைப்பு இன்னும் மிகுதி. வேலை நெருக்கடியால் உறக்கமிழந்த இளைஞர், தேர்வச்சத்தால் உணவை வெறுக்கும் மாணவி, பேச்சுத் துணையின்றி அடுக்குமாடி வீட்டில் நாளைக் கழிக்கும் முதியவர் ஆகியோரின் துயர் முற்றிய பின்னரே உதவி தேடப் புறப்படுகிறோம். அந்த அவசரத்தில் பெயர்ப்பலகை ஒன்றையே நம்பி உள்ளே நுழைந்துவிடுகிறோம். தங்கம் வாங்கும்போது முத்திரை பார்க்கும் நாம், மனத்தை ஒப்படைக்கும்போது மட்டும் ஒன்றும் வினவாதிருப்பது முறையாகுமா?

யார் எவர்?

சைக்கியாட்ரிஸ்ட் எனப்படும் மனநல மருத்துவர், எம்.பி.பி.எஸ். முடித்தபின் மனநலத் துறையில் மேற்படிப்பும் பெற்றவர். மருந்து எழுதித் தருபவர் அவரே. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் எனப்படும் மருத்துவ உளவியலாளர், உளவியலில் முதுகலை பயின்று, மேற்பார்வையுடன் கூடிய இரண்டாண்டு எம்.பில். போன்ற பயிற்சி பெற்றவர். சோதனைகளாலும் பேச்சு வழிச் சிகிச்சையாலும் குணம் காண உதவுவார், மருந்து எழுதமாட்டார். ஆலோசகர் என்று பலகை இட்டிருப்போருள் நன்கு கற்றவரும் உளர். சில வாரப் பயிற்சியோடு நின்றவரும் உளர். ஆதலின் பட்டம் எது, எங்கே பெற்றது என்று கேட்டறிதல் இன்றியமையாதது.

இத்துறையில் நம் நகருக்குத் தனிச் சிறப்பு உண்டு. 1954இல் அகில இந்திய மனநலக் கழகம் இங்கே நிறுவப்பெற்றது. 1955இல் அங்கு மருத்துவ உளவியல் பயிற்சி தொடங்கியது. 1974இல் மைசூர் அரசின் மனநல மருத்துவமனையோடு இணைந்து, அது நிம்ஹான்ஸ் ஆயிற்று. 2012ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கிற்று. எங்கே தொடங்குவது என்று திகைப்போர் ஓசூர் சாலையிலுள்ள அந்நிறுவனத்தின் புறநோயாளர் பிரிவை நாடலாம்.

பதிவைச் சரிபார்த்தல்

மருத்துவ உளவியலாளர், 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். பதிவின்றித் தொழில் புரிவோருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க அச்சட்டம் இடந்தருகிறது. பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, கவுன்சிலின் இணையதளத்தில் பெயரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பதிவு காலந்தோறும் புதுப்பிக்கப்பட வேண்டியதாகையால், அது காலாவதியாகவில்லை என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். மனநல மருத்துவராயின், கர்நாடகத்திலோ பிற மாநிலத்திலோ உள்ள மருத்துவக் கவுன்சிலில் அவர் பெற்ற பதிவை வினவலாம். தகுதியுள்ளவர் இதனால் சினங்கொள்ளார். சினங்கொண்டால், அவரை விட்டு விலகுவதே நன்று.

அடுத்தது மொழி. கடையில் பேசக் கன்னடமும் அலுவலகத்தில் பேச ஆங்கிலமும் போதும்; அழுவதற்குத் தாய்மொழி வேண்டும். தாயின் துயரைப் பள்ளி செல்லும் மகன் மொழிபெயர்த்துச் சொல்லும் நிலை இருவருக்கும் கொடுமை. மகன் கேட்கக் கூடாததைத் தாய் சொல்லாமலே விடுவாள். ஆகவே, தமிழில் உரையாடுபவர் உளரா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

செலவும் காப்பீடும்

2018 மே 29 முதல் நடைமுறையிலுள்ள 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, உடல்நோய்க்குரிய அடிப்படையிலேயே மனநோய்க்கும் காப்பீடு வழங்கப்பட வேண்டும் என்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் அதே ஆண்டு ஆகஸ்டில் நிறுவனங்களுக்கு இதனை அறிவுறுத்தியது. மனநோய்ச் சிகிச்சைச் செலவைத் தர மறுத்த ஒரு நிறுவனத்துக்கு எதிராக 2021இல் தில்லி உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எனினும், சட்டம் உண்டு என்று எண்ணி அசட்டையாய் இருத்தல் ஆகாது. காப்பீடுகள் பல, மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கே பணம் தருகின்றன. வாரந்தோறும் சென்று உரையாடி வரும் செலவு நம் கையினின்றே போகும். ஆதலின் மூன்று கேள்விகளை எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே விடை பெறுங்கள். புறநோயாளர் செலவு அடங்குமா? உளவியலாளர் கட்டணம் அடங்குமா? காத்திருப்புக் காலம் எவ்வளவு? புதிய காப்பீடு எடுக்கும்போது முந்தைய சிகிச்சையை மறைக்காதீர்கள். மறைத்தால் பின்னர் பணம் மறுக்கப்படுவதற்கு அதுவே காரணமாகிவிடும். ஒவ்வொரு கட்டணத்துக்கும் பதிவெண்ணுடன் கூடிய ரசீது வாங்கி வையுங்கள்.

நிறுவனம் கோரிக்கையை மறுத்தால் முதலில் அந்நிறுவனத்துக்கே முறையீடு எழுதுங்கள். ஒரு மாதத்துள் தக்க விடை வராவிடில், ஜே.பி. நகரிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். அதற்குக் கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் வேண்டா.

செய்தி அலுவலகத்துக்கு எட்டிவிடுமோ என்று அஞ்சிச் சிகிச்சையையே தவிர்ப்போர் நம்மிடையே உண்டு. நோயாளியின் நிலையை வெளியிடாது காத்தல் சிகிச்சையளிப்போரின் கடமை என 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு விதிக்கிறது. முதல் சந்திப்பிலேயே இதைக் குறித்துத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளலாம்.

மனநோய் இழிவன்று, சிகிச்சையால் தணியக்கூடியது. தக்கவரை நாடுவதில் நாம் காட்டும் விழிப்பு ஒரு குடும்பத்தின் நிம்மதியைக் காக்கும். ஆகவே வெட்கத்தை விலக்கி, வினவ வேண்டியதை வினவி, காலத்தே உதவி பெறுவோமாக.