மேசைப் போர்க்களமும் பதுமையின் உயரமும்

சிறு பதுமைகளை அணிவகுத்து, சரித்திரப் போர்களை விதிமுறைகளுக்கமைய மீண்டும் நடத்திப் பார்ப்பது மேனாட்டில் வேரூன்றிய பொழுதுபோக்கு. ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913 இல் இதற்கென ஒரு விதிநூலே எழுதினார். அக்காலத்து ஈயப் பதுமையின் உயரம் ஏறத்தாழ 54 மில்லிமீற்றர். களமோ வீட்டுத் தரை. பின்னர் களம் மேசைக்கு ஏறிற்று, பதுமையும் குறுகிற்று. இன்று 28, 15, 10, 6 மில்லிமீற்றர் எனப் பல உயரங்களில் அவை கிடைக்கின்றன. புதிதாகத் தொடங்குவோர் இவற்றுள் ஒன்றைத் தெரிந்தாக வேண்டும். உயரம் வேறுபட்ட பதுமைகளை ஒரே அணியில் நிறுத்தினால் ஒவ்வாது. ஆதலால், பின்னர் மனம் மாறுவோர்க்கு ஆண்டுக்கணக்காக வண்ணந்தீட்டிய படை வீணாகிவிடும்.

1815 இல் வாட்டர்லூவிற் போரிட்ட பிரித்தானியக் காலாட்படையை எடுத்துக்கொள்வோம். ஐந்நூறு பேர் கொண்ட பட்டாளமொன்று இரண்டு வரிசையாக நின்றால், அதன் நீளம் சுமார் 150 யார். 28 மில்லிமீற்றர்ப் பதுமை மனிதனில் ஏறக்குறைய அறுபதில் ஒரு பங்கு. அக்கணக்கின்படி அந்த அணிக்கு ஏழரை அடி வேண்டும். ஆறடி மேசையில் ஒரு பட்டாளந்தானும் அடங்காது! 6 மில்லிமீற்றர்ப் பதுமையோ முந்நூறில் ஒரு பங்கு. அதற்கு ஒன்றரை அடி போதும். எனினும், அன்று களத்தில் நின்ற பட்டாளங்கள் பல பத்து. ஆகவே, எவ்வுயரத்தைத் தெரிந்தாலும், ஒரு பதுமை இருபது வீரர்க்கோ அதற்கு மேற்பட்டோர்க்கோ பிரதிநிதியாக நிற்கும். நிலத்தின் அளவுத்திட்டம் வேறாகவும் பதுமையின் அளவுத்திட்டம் வேறாகவும் அமையும்.

இது விளையாடுவோரின் சோம்பலன்று. கப்டன் வில்லியம் சைபோண் என்பார் வாட்டர்லூவிலுள்ள பண்ணை வீடொன்றில் எட்டு மாதம் தங்கி நிலத்தை அளந்து, 1838 இல் இலண்டனில் ஒரு பெரும் மாதிரியைக் காட்சிக்கு வைத்தார். அதில் எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட பதுமைகள் இருந்தன. நிலம், மைலுக்கு ஒன்பது அடி என்னும் கணக்கில் அமைந்தது. அக்கணக்கை வழுவாது பின்பற்றியிருந்தால் வீரன் 3 மில்லிமீற்றரே இருந்திருப்பான். வெறும் புள்ளியாகவே தோன்றியிருப்பான். அத்துணை நுணுக்கமான மனிதரும் பதுமையை ஏறத்தாழ 10 மில்லிமீற்றராக உயர்த்தவே செய்தார்.

எனவே, விளையாடுபவர் காண விரும்புவது வீரனின் முகத்தையா, படையின் திரளையா என்பதே முதற் கேள்வி. முப்பது பேர் ஒரு கிராமத்தைத் தாக்கும் சிறு மோதலுக்கு 28 மில்லிமீற்றரே சிறந்தது. சட்டைப் பொத்தானும் தெரியும். பெரும் போருக்கு 6 அல்லது 10 மில்லிமீற்றர் ஏற்றது. செஞ்சட்டையும் வெண்வாரும் தீட்டினாற் போதும், கை நீட்டும் தூரத்திலிருந்து அணி அணியாகத் தோன்றும். பதினைந்து, இரண்டுக்கும் இடைப்பட்ட சமரசம்.

கடைக்காரர் சொல்லும் எண்ணை அப்படியே நம்புவதற்கில்லை. பாதத்திலிருந்து கண்வரை அளப்போருமுளர், உச்சிவரை அளப்போருமுளர். ஒருவரது இருபத்தெட்டு மற்றொருவரது இருபத்தெட்டைக் காட்டிலும் ஒரு தலை உயர்ந்து நிற்பதுண்டு. ஆதலால் முதலில் ஒரு சிறு பொதி வாங்கி ஒப்பிடுவதே நன்று. அதற்கும் முன், அயலில் எதிர்த்து ஆடவிருப்பவரிடம் ஏற்கெனவே எவ்வளவு உயரமான படை இருக்கிறதெனக் கேட்டறிதல் வேண்டும்.