கற்றாழைக்கு எந்தச் சன்னல்?

சுங்கை பெசார் வட்டாரத்து வீடுகளில் சோற்றுக் கற்றாழை புதிய செடியல்ல. மலாய்க்காரர்கள் அதை ‘லீடா புவாயா’, அதாவது முதலை நாக்கு என்பார்கள். பொருத்தமான பெயர்தான்!

வீட்டுக்குள் வைத்த கற்றாழையின் மடல் மெலிந்து, நீண்டு, சரிந்தால் உடனே தண்ணீரைக் கூட்டுகிறார்கள். வேர் அழுகிப் போவது அதனால்தான். குறைந்தது தண்ணீரல்ல, வெளிச்சம். அரேபியத் தீபகற்பத்தின் வறண்ட மண்ணுக்கு உரிய செடி அது.

‘தெற்குச் சன்னலில் வையுங்கள்’ என்னும் மேல்நாட்டு அறிவுரை இங்கே பாதிதான் பொருந்தும். நிலநடுக்கோட்டை ஒட்டிய சுங்கை பெசாரில் ஏப்ரல் முதல் செப்டம்பர் தொடக்கம் வரை நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். மற்ற மாதங்களில் தெற்கே. எனவே ஆண்டு முழுவதும் காலை வெயில் விழும் கிழக்குச் சன்னலே நல்லது.

வெளிச்சம் குறைந்து மெலிந்த செடியை ஒரே நாளில் முற்றத்து வெயிலில் வைப்பதும் தவறு. மடல் செம்பழுப்பானால் பயப்பட வேண்டாம். கடும் வெயிலைத் தாங்கச் செடி தானே உண்டாக்கும் நிறம் அது. வெளிறிய திட்டு விழுந்து காய்ந்தால் அந்த இடம் வெந்துவிட்டது, மீளாது. முதலில் தாழ்வார நிழல், பிறகு காலையில் ஒரு மணி நேரம் வெயில் என இரண்டு வாரங்களில் பழக்கலாம்.